மூழ்காதவர்களின் பட்டியல்

1

இந்தக் கதை ஒரு கட்டத்திலிருந்து பிறந்தது. நாலு பக்கமும் கோடு போட்ட கட்டம். ஒரு விண்ணப்பத்தின் ஒன்பதாவது கட்டம். அதன் தலையில் இப்படி அச்சடித்திருந்தது: 'உங்கள் திட்டத்தால் பயனடைந்த ஒருவரின் வெற்றிக் கதையை முந்நூறு சொற்களுக்குள் எழுதவும். முன்பு அவர் நிலை என்ன, இப்போது என்ன என்பது தெளிவாக விளங்கவேண்டும்.'

விண்ணப்பத்தைக் கொண்டுவந்தவள் சுடலைவடிவு. ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வாழைத் தோட்டங்களில் இலை அறுக்கிறவள். வயது நாற்பத்தாறு. இரண்டு வருஷமாக, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஆற்றில் நீச்சல் வகுப்பு நடத்துகிறாள். முப்பத்தொரு பேர் கற்று முடித்தாயிற்று. உபகரணம் வாழைத்தடி. தார் வெட்டிய பிறகு மரத்தைச் சாய்த்துத்தானே ஆகவேண்டும். அதைத் துண்டு போட்டு நெஞ்சுக்கு அடியில் கொடுத்தால் ஆனையே மிதக்கும். (ஆனை மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன். மல்லாக்க மிதந்தது. பாகன் அதன் வயிற்றில் உட்கார்ந்து பீடி குடித்தான். இந்தக் கதையில் அதற்கு இடமில்லை.)

சென்னையில் ஓர் அறக்கட்டளை, கிராமத்துச் சிறு குழுக்களுக்கு நல்கை கொடுக்கிறது. கிடைத்தால் பதினைந்து மிதவைச் சட்டைகள், நீளக் கயிறு, பிள்ளைகள் துணி மாற்ற ஒரு தகரக் கொட்டகை. கிடைக்காவிட்டால் வகுப்பே இல்லை. பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: பொங்கலுக்குப் பிறகு மிதவைச் சட்டை இல்லாமல் ஒரு பிள்ளையும் ஆற்றில் இறங்கக் கூடாது. டீச்சர் சொன்னால் தாய்மார் கேட்பார்கள். விண்ணப்பம் போய்ச் சேரவேண்டிய கெடு, திங்கட்கிழமை மாலை ஐந்து மணி.

எட்டுக் கட்டங்களை அவளே நிரப்பியிருந்தாள். ஏழாவது கட்டம், ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி இணைக்கச் சொன்னது. ஒவ்வொரு பொருளுக்கும் என்றால் வாழைத்தடிக்கும்தானே? அதற்கும் மூன்று வாங்கியிருந்தாள். முதல் தோட்டக்காரர் 'சும்மா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டாமவரும் 'சும்மா'. மூன்றாமவர் காசிலிங்கம் அண்ணாச்சி, மற்ற இருவரிடமும் தோற்க மனமில்லாமல், 'சும்மா. வண்டி வாடகையும் நம்மது' என்று எழுதி ரப்பர் முத்திரையும் குத்தியிருந்தார்.

ஒன்பதாவது கட்டத்துக்கு என்னிடம் வந்தாள். கதை என்று போட்டிருந்ததால் பஜாரில் எல்லோரும், கதை எழுதுகிறவன் என்று என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கம்: 'ஸ்ரீவைகுண்டம் அணையில் ஒரு விரால் மீன் டிரான்சிஸ்டரை விழுங்கி மூன்று நாள் வானிலை அறிக்கை வாசித்தபோது...'

(அடித்துவிட்டேன். நடந்ததுதான், மூன்றில் இரண்டு நாள் சொன்னபடி மழையும் பெய்தது. ஆனால் பயனாளி மீனாகிவிடுகிறது.)

இரண்டாம் தொடக்கம்: 'கலையரசி என்ற ஏழைச் சிறுமி சுழலில் சிக்கினாள். மூன்று முறை உள்ளே போனாள். நாலாவது முறை...'

இதைப் படித்துக்காட்டும்போதே வடிவு கையை நீட்டித் தடுத்தாள்.

"கலையரசி எந்தச் சுழல்ல சிக்குனா? நல்லா இருக்கிற பிள்ளைய ஏன் அண்ணாச்சி முக்குதிய?"

கதைக்காக என்றேன்.

"கதைக்குன்னா நீங்க முங்குங்க."

பேனாவை மூடிவிட்டு யோசித்தேன். திறந்துவிட்டு யோசித்தேன். சிக்கல் இதுதான். ஆடு வாங்கிக் கொடுக்கிற திட்டத்தில் ஆடு குட்டி போடும்; படம் எடுக்கலாம். தையல் மிஷின் கொடுத்தால் கிழிந்த சேலை முன்பு, தைத்த ரவிக்கை இப்போது. நீச்சல் கற்ற பிள்ளை என்ன செய்கிறாள்? ஆற்றுக்குப் போகிறாள், குளிக்கிறாள், வீட்டுக்கு வந்து சோறு தின்கிறாள். முன்பு: உயிரோடு இருந்தாள். இப்போது: உயிரோடு இருக்கிறாள். இந்தத் திட்டம் வெற்றி பெற்றால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை முந்நூறு சொல்லில் எழுதுவது எப்படி என்று எனக்கு இந்த வயதுவரை யாரும் சொல்லித்தரவில்லை. ஏதாவது நடக்க வைத்தே கை பழகிப்போயிற்று.

3

சனிக்கிழமை டார்லின் வந்தாள். அறக்கட்டளைக்காக இந்தப் பக்கத்து விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிற பெண். மணப்பாட்டுக்காரி, கடலோரத்தில் வளர்ந்தவள். நல்ல பிள்ளை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் ஒரு கெட்டவர் இருந்தால் எனக்கு வேலை சுளுவாக முடியும். அவளை அப்படி ஆக்க இரண்டு வாக்கியம் முயன்றேன், வரவில்லை.

வாழைத்தடி விலைப்புள்ளிகளைப் பார்த்து அவள் வெகுநேரம் சிரித்தாள். காசிலிங்கத்தின் முத்திரையைப் படம் எடுத்துக்கொண்டாள். ஒன்பதாவது கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குழுவில் ஐந்து பேர் உட்கார்ந்து இருநூறு விண்ணப்பம் படிப்பார்கள், ஒன்பதைத்தான் முதலில் புரட்டுவார்கள் என்றாள். பிறகு, இந்த வகுப்பை எதற்காகத் தொடங்கினீர்கள் என்று வடிவிடம் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

வடிவு தலை குனிந்து இலைக் கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கத்தி ஏற்கனவே துடைத்ததுதான். துடைத்து முடித்ததும், பாதிக்குரலில், நடந்ததைச் சொன்னாள்.

4

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். இதில் இரண்டு பெயர்கள் இருந்தன.]

எடுத்ததில் சொல்லலாம் என்று அவள் விட்ட அளவு இவ்வளவுதான்: இரண்டரை வருஷத்துக்கு முன்னால், மணல் அள்ளிய குழியில், இரண்டு பிள்ளைகள். தலையில் இலைக்கட்டோடு வடிவு கரையில் நின்றாள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

நான் அதை எழுதினேன். முந்நூறு சொல் கணக்காக வந்தது. ஒரு சொல் கூட்டவோ குறைக்கவோ இல்லை. டார்லின் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இது போதும், இதற்குக் கண்டிப்பாகக் கிடைக்கும் என்றாள். வடிவு தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"செத்தும் அந்தப் பிள்ளைக இவளுகளுக்குச் சட்டை வாங்கிக் குடுக்கணுமாக்கும்?"

தாளை அவள் திருப்பித் தரவில்லை.

4-அ

இங்கே கூர்ந்து படிக்கிற ஒருவர் என்னைப் பிடித்துவிட்டார், தெரிகிறது. நீச்சல் தெரியாதவள் முப்பத்தொரு பேருக்கு எப்படி நீச்சல் சொல்லிக்கொடுத்தாள் என்கிறீர்கள்.

நானாகக் கட்டியிருந்தால் இவ்வளவு துணிந்திருக்கமாட்டேன். உண்மை என்பதால் எழுதுகிறேன். அவள் கரையில் நின்று கத்துகிறாள். எருமை எப்படிப் போகிறது, வாத்து எப்படிப் போகிறது, எதிர்க்கரைப் பையன்கள் காலை எப்படி அடிக்கிறார்கள் என்று மூன்று மாதம் பார்த்தாள். பிறகு முதல் பிள்ளை கலையரசியின் இடுப்பில் கயிறு கட்டி, நெஞ்சுக்கு அடியில் வாழைத்தடி கொடுத்து, முழங்கால் தண்ணீரில் விட்டு, கயிற்று நுனியைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கத்தினாள். 'மூஞ்சிய மேல வை. கால அடி. வயித்த எக்காத.' கலையரசி பத்து வாரத்தில் நீந்தினாள். அடுத்த பிள்ளை எட்டு வாரத்தில். அதற்குப் பிறகு நாலு நாலு பேராக. வடிவின் கணுக்காலுக்கு மேலே இன்றுவரை ஆறு ஏறியதில்லை.

இந்த விஷயம் பிள்ளைகளுக்குத் தெரியும். டார்லினுக்குத் தெரியாது. இந்த இரண்டு வருஷத்தில் வடிவும் நீந்தக் கற்றிருப்பாள் என்றே அவள் நினைத்துக்கொண்டாள்.

5

எழுத்து வேண்டாமென்றால் ஒரு சிறு வீடியோ இணைக்கலாம் என்று வழி சொன்னவள் டார்லின்தான். ஒரு பிள்ளை மூழ்குவதாக நடிக்கட்டும், மற்ற பிள்ளைகள் கயிறும் தடியும் கொண்டு மீட்கட்டும். நடிப்பு என்று கீழே போட்டுவிடலாம், பொய் இல்லை. வடிவு யோசித்துச் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆற்றில் கூடினோம். கலையரசி நடுவில் போய், காப்பாத்துங்க என்று கத்திவிட்டு அழகாக மிதந்தாள். மூழ்கச் சொன்னார்கள். மூழ்கினாள், மறு நிமிஷம் கால் தானாக அடித்து மேலே கொண்டுவந்தது. அவளுக்கு அடுத்து நித்யா. பன்னிரண்டு வயது. உள்ளே போனதும் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீருக்கு மேலே குமிழ் குமிழாக வந்தது. லூசி என்ற பிள்ளை கையை ஆட்டியதைப் பார்த்தால் பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி இருந்தது. ஆறு முறை எடுத்தார்கள். ஒருத்திக்கும் மூழ்க வரவில்லை. ஆசிரியைக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்? ஆனால் டார்லின் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நான் கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

கலையரசிதான் சொன்னாள். தலையைத் துவட்டிக்கொண்டே, விகல்பம் இல்லாமல்:

"எங்களுக்கு முங்க வரல வடிவத்த. உங்களுக்குத்தான் வரும்."

டார்லின் போனைத் தாழ்த்தினாள். விஷயம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. வேண்டாம்க்கா, இதெல்லாம் வேண்டாம் என்றாள்.

(இந்த இடத்தில் வடிவின் மனதுக்குள் போக நான் மூன்று வாக்கியம் எழுதினேன். 'அவள் அஞ்சவில்லை' என்று ஒன்று. பொய். 'அந்த இரண்டு முகங்களும் அவள் கண்முன்னே' என்று ஒன்று. எடுத்ததைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிற வேலை. மூன்றாவது: 'இரண்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளை இந்தக் கயிற்றை நம்பி இறக்கியவள், தன்னை ஒருநாளும் அதை நம்பி இறக்கியதில்லை என்பது அவளுக்கு அப்போது வெட்கமாக இருந்தது.' இது நிற்கட்டும்.)

கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். மறு நுனியை நித்யாவிடம் கொடுத்தாள்.

"பிடிச்சுக்கிடுவியளா, ஏளா?"

"பிடிச்சுக்கிடுவோம் அத்த. நீங்க பைய எறங்குங்க."

முழங்கால். இடுப்பு. அதற்கு மேல் ஓர் அடி வைத்தாள். அங்கே தரை இல்லை.

சத்தமே வரவில்லை. மூழ்குகிறவர்கள் கத்துவார்கள் என்று நான் எழுதிய கதைகளிலெல்லாம் எழுதியிருக்கிறேன், இனி எழுதமாட்டேன். ஒரு கை தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. பிள்ளைகள் ஒரு மூச்சு நேரம் நடிப்பா என்று பார்த்தார்கள். அடுத்த மூச்சில் தண்ணீர் கலங்கியது. நித்யா கயிற்றை மணிக்கட்டில் சுற்றி, காலைக் கல்லில் ஊன்றி, பின்னால் சாய்ந்தாள். கலையரசி வாழைத்தடியைத் தள்ளிக்கொண்டு போய் வடிவின் கக்கத்தில் சொருகினாள். யாரோ கொண்டையைப் பிடித்து முகத்தை மேலே திருப்பினார்கள். வடிவுக்கு முதலில் திரும்பி வந்தது காதுதான். அதில் அவளுடைய கத்தல்களே விழுந்தன, அவள் வாயிலிருந்து அல்ல:

"மூஞ்சிய மேல வைளா. கால அடி. வயித்த எக்காதளா."

அவசரத்தில் அத்தை என்பது போய்விட்டது. அவள் காலை அடித்தாள்.

கரையில் கவிழ்த்துப் படுக்க வைத்ததும் ஒரு சொம்பு ஆற்றைக் கக்கினாள். பிறகு தலையைத் தூக்கிப் பார்த்து, எண்ணி, திட்டினாள். நாலு பேருக்கு மேல் உள்ளே இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாளா இல்லையா? ஏழு பேர் எப்படி இறங்கினார்கள்?

ஏழில் ஒருத்தி டார்லின். போனை எறிந்துவிட்டுச் சுடிதாரோடு குதித்திருந்தாள். வீடியோவில் எட்டு விநாடி ஆறு தெரிகிறது. பிறகு மணல். பிறகு நிறைய வானம். அதில் ஒரு கொக்கு வலமிருந்து இடமாகப் போகிறது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

6

திங்கட்கிழமை, மாலை நாலேகால். ஒன்பதாவது கட்டம் காலி. வடிவும், பள்ளிக்கூடம் விட்டு வந்த கலையரசியும் நித்யாவும் என் எதிரே பெஞ்சில் இருக்கிறார்கள். என்னால் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். மூன்று முடிவுகள் சொல்லிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: குழுவில் ஐந்து பேரும் கொக்கைப் பார்த்துக் கண்கலங்கி நல்கையைத் தந்துவிடுகிறார்கள். (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: நல்கை ஆட்டுக் குழுவுக்குப் போய்விடுகிறது. ஆடு படத்தில் நன்றாக விழும்.

முடிவு மூன்று: பெரிய டீச்சர் ஆற்றங்கரைக்கு வந்து...

வடிவு போதும் என்றாள். நேற்று முதல் குரல் கட்டியிருக்கிறது.

"பிள்ளைக பேர எழுதுங்க அண்ணாச்சி. முப்பத்தொரு பேரு இருக்குல்லா."

அது கதை ஆகாதே என்றேன்.

"ஆகாட்டி போவுது. யாருக்குப் பலன்னுதான கேக்காவ? இவளுகளுக்குத்தான்."

எழுதினேன். 1. கலையரசி. 2. நித்யா. 3. லூசி. 4. பேச்சித்தாய். கையை எடுக்காமல் எழுதிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையை ஒரு முறை ஆட்டினாள். முப்பத்தொன்றில் கலையரசி குனிந்து பார்த்து, வடிவத்த பேர் எங்கே என்றாள். நேற்று மூழ்காமல் போனவர்களில் அத்தையும்தானே சேர்த்தி?

வடிவு மறுத்துவிட்டாள். அவளை மற்றவர்கள் தூக்கினார்கள், அவ்வளவுதான். அவள் கற்றுக்கொள்ளவில்லை, இது கற்றவர்களின் பட்டியல். அதற்கு நித்யா, வருகிற ஞாயிற்றுக்கிழமை அத்தைதான் முதல் ஆள், தடி கூட வெட்டி வைத்தாயிற்று, பெரிய துண்டு என்றாள். வடிவு அவளை முறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. தண்ணீர் போன மூக்கை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எம் பேரையும் போட்டுட்டு ஞாயித்துக்கெழம நான் எறங்கலைன்னா, எழுதுனது பொய்யாப் போயிரும்லா அண்ணாச்சி?"

என் ஆயுசில் பொய்யைப் பற்றி என்னிடம் யாரும் இவ்வளவு கவலையாகக் கேட்டதில்லை. முப்பத்தொன்றுக்குக் கீழே அடுத்த எண்ணை மட்டும் எழுதி வைத்தேன்.

டார்லின் போன் செய்துவிட்டாள். எழுதியதை அவள் ஏற்றி அனுப்புகிற இணையதளம், காலி வரி இருந்தால் விண்ணப்பத்தை ஏற்காதாம். எண்ணைக் கோடு போட்டு அடிக்க வேண்டும் அல்லது பெயரைப் போட வேண்டும். பெயரைப் போட்டால் அவள் ஆற்றில் இறங்கியாக வேண்டும். அடித்தால் கரையிலேயே நின்றுகொள்ளலாம், வேண்டியமட்டும் கத்திக்கொண்டு. இரண்டையும் தனித்தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே என் கையெழுத்தில் பொய் மாதிரி இருக்கின்றன. வடிவு பேனாவைத் தொடமாட்டேன் என்கிறாள். பெஞ்சை விட்டு எழுந்து போகவும் இல்லை.

உங்கள் கையெழுத்து எப்படி? மணி நாலு ஐம்பத்தொன்று.

32.