பவர் இல்லாத கண்ணாடி

பழனி எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான்.

சித்திரை வெயில் காலை ஒன்பது மணிக்கே கூரையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தது. அவனுடைய அம்மா கொளஞ்சியம்மாளைச் சுற்றி மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதி அடியில் விட்டுவிட்டு, நின்றுகொண்டிருந்த இறக்கைகளைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள்.

"இன்னாடா பழனி, கரண்டு பில்லு ஜாஸ்தியா வந்துருச்சா?" என்று வாசலிலிருந்து கேட்டார் மாமா பொன்னுரங்கம். செத்தவளின் தம்பி.

"கண்ணு காஞ்சிடுமாம் மாமா. கண்ணு எடுக்குறவங்க போன்ல சொன்னாங்க. அவங்க வர வரிக்கும் ஃபேன் ஓடக் கூடாதாம்."

அம்மாவின் தலையை மெல்லத் தூக்கி இன்னொரு தலையணையைச் செருகினான். மனைவி காசியம்மாள் நனைத்துக் கொடுத்த பஞ்சைப் பிழிந்து மூடிய கண்கள் இரண்டின் மேலும் வைத்தான். அதுவும் அவர்கள் சொன்னதுதான்.

"உசுரோட இருந்தப்ப எங்கக்கா ரெண்டு தலவாணி கண்டவ இல்ல," என்றார் பொன்னுரங்கம். "சரி, கண்ண எடுத்துக்கினு அனுப்புனா மேல போயி எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தெரியாம நிப்பாளேடா."

"முழுசா எடுக்க மாட்டாங்க மாமா. மேல ஒரு மெல்லிசு தோலு மாதிரி இருக்குதாம். அத மட்டுந்தான்."

பொன்னுரங்கம் ஆட்டுத் தரகர். வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடுவார். சினை ஆடா, தண்ணீர் குடிக்கவைத்து ஓட்டிவந்த ஆடா என்பது நடையைப் பார்த்தே அவருக்குத் தெரியும். பொய்ச் சரக்கு அவருக்கு ஆகாது.

"அதான் அவளுக்குக் கண்ணே சரியில்லியே. பதினாலு வருஷமா கண்ணாடி மாட்டிக்கினு திரிஞ்சா. சொத்தக் கண்ணத் தானம்னு குடுத்து, வாங்குறவன ஏமாத்துனா நல்லாவா இருக்கும்?"

பழனி பஞ்சு சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தான்.

அம்மா காலை ஆறு மணிக்குப் போனாள். குழாயடியிலிருந்து கொண்டுவந்த குடத்தை இறக்கி வைத்தாள். "மூச்சு வாங்குது" என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுது முடித்த காசியம்மாள் முதலில் சொன்னது, "கண்ணுக்கு போன் பண்ணுங்க" என்பதுதான். மாமியார் அவளிடம் அதைப் பலமுறை சொல்லி வைத்திருந்தாள். "நான் செத்தா கண்ணு எடுக்குறவங்களக் கூப்புடு. எங்கண்ணு நல்லா இருக்குதுன்னு அவங்களாவது எழுதிக்கினு போவட்டும்." கேலிப் பேச்சு என்றுதான் காசியம்மாள் நினைத்திருந்தாள். பழனிக்கு மட்டும் அது கேலி இல்லை என்று தெரியும்.

கச்சிராயபாளையத்துக்கு வெளியே இருக்கிற அந்தத் தனியார் கல்லூரியில் கொளஞ்சியம்மாள் துப்புரவுப் பணியாளர். வேதியியல் கூடம் இருந்த மாடி அவள் பொறுப்பு. அங்கே பேராசிரியர் ஒருவர் பெண்பிள்ளைகளைத் தனித்தனியாக, "ரெக்கார்டு நோட்டு பாக்கணும்" என்று மாலையில் நிறுத்திவைப்பார். கொளஞ்சியம்மாளுக்குப் படிப்பு வராது, ஆனால் ஒரு நோட்டைப் பார்க்க எவ்வளவு நேரமாகும் என்று தெரியும். அதனால் அவளாக ஒரு வழி செய்தாள். தண்ணீர் வாளியைக் கொண்டுபோய்க் கூடத்தின் வாசற்படியில், கதவு சாத்த முடியாதபடி வைத்துவிட்டு, கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுவாள். கடைசிப் பெண் படியிறங்கிய பிறகுதான் வாளி நகரும். இரண்டு வருஷம் இது நடந்தது. பேராசிரியர் அவளைச் சோம்பேறி என்று இரண்டு தடவை புகார் கொடுத்தார்.

ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் அவளை மேடை கூட்ட அனுப்பிவிட்டார்கள். திரும்பி மாடியேறியபோது கதவு சாத்தியிருந்தது. சன்னல் இடுக்கில் பார்த்தாள். கல்வராயன் மலையிலிருந்து படிக்க வந்த பெண் ஒருத்தி. சுவரோடு சுவராக அவள். அவள் வாயின் மேல் அந்த ஆளின் கை. கொளஞ்சியம்மாள் இரும்பு வாளியைத் தூக்கி, கதவு திறக்கிறவரை அதன்மேல் மோதினாள்.

மறுநாள் அந்தப் பெண் எழுத்தில் புகார் கொடுத்தாள். சாட்சி என்று இருந்தது ஒரே ஆள்.

தாளாளர் பழனியைத்தான் கூப்பிட்டார். அவன் அப்போது அதே கல்லூரியில் தற்காலிக பஸ் டிரைவர். நல்ல வியாபாரி சரக்கைக் குறை சொல்லித்தான் விலையை இறக்குவான். தாளாளர் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, பேராசிரியரை உத்தமர் என்றும் சொல்லவில்லை; சாட்சியின் கண்ணைத்தான் குறை சொன்னார். "அம்மாவுக்கு வயசாவுதில்லப்பா. பார்வை மங்கிப் போயிருக்கும். பாவம், யாரையோ பாத்து யாரோன்னு சொல்லிக்கினு இருக்காங்க," என்றார். அப்புறம் வேறொரு பேச்சைப்போல, டிரைவர் வேலை நிரந்தரமாகப் போகிற ஆட்களின் பட்டியல் தயாராவதாகச் சொன்னார்.

பேரம் படிய பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாவைப் படிய வைக்கத்தான் பழனிக்கு இரண்டு நாள் ஆனது. அழுதான், சாப்பிடாமல் கிடந்தான், செத்துப்போன அப்பாவை இழுத்தான். கடைசியில் அவளைப் பஸ்ஸில் முன்சீட்டில் உட்காரவைத்துக் கல்லூரிக்குக் கூட்டிப்போனான். அடுத்த வாரமே கல்லூரியில் இலவசக் கண் முகாம் நடந்தது. கொளஞ்சியம்மாளுக்கு மேடையில் வைத்துக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். போட்டோ எடுத்தார்கள். பார்வை சரியாக இருப்பதாகச் சோதித்தவர் சொன்னதால், அந்தக் கண்ணாடி வெறும் கண்ணாடி.

அதன்பிறகு அவளைக் கேண்டீன் பக்கம் கூட்டப் போட்டார்கள். வேலையை விட்டு நின்ற பிறகும் அவள் அதைக் கழற்றவில்லை. முறத்தில் கடுகளவு கல்லைப் பொறுக்குவாள். அறுந்த பொத்தானைத் தைப்பாள். ஆனால் பழனி எதையாவது கேட்டால், "தெருவுல யாரும்மா வரது, பாரு" என்றால்கூட, "எனக்கு எங்க தெரியுதுப்பா" என்பாள். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. பதினாலு வருஷமும் அந்த ஒரு பதில்தான்.

மலைப்பெண் படிப்பை விட்டுப் போய்விட்டாள். ஐந்தாறு வருஷம் கழித்து, பஸ் நிறுத்தத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்றவள் அவனை அடையாளம் கண்டு கிட்டே வந்தாள். "அண்ணா, அம்மா கண்ணு இப்ப எப்டி இருக்குது? நல்ல ஆசுபத்திரியா பாத்துக் காட்டுங்கண்ணா," என்றாள். அவள் நிஜமாகவே நம்பியிருந்தாள். பழனி அதை அம்மாவிடம் சொல்லவே இல்லை.

போன மாதம் இன்னொரு பெண் புகார் கொடுத்தாள். அதே ஆள்தான், இப்போது துறைத்தலைவர். அந்தப் பெண் பழனியின் பஸ்ஸில்தான் வருவாள். இருபது நாளாக அவள் ஏறும் நிறுத்தத்தில் பிரேக்கில் கால் வைக்கிறான், யாரும் இல்லை, போய்விடுகிறான். இந்த மாதிரிப் புகாரை விசாரிக்க இப்போது சட்டப்படி ஒரு கமிட்டி இருக்கிறது. அதில் வெளியாள் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த வெளியாளான வக்கீல் கமலா பழைய காகிதங்களைத் தோண்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்தார். கொளஞ்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கண்ணு நல்லா தெரியும்மா. நான் பாத்தேன். எங்க வந்து சொல்லணும்?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை கூட்டிவரச் சொன்னார் கமலா. "பாக்கலாம் மேடம், லீவு கெடைக்கணும்," என்றான் பழனி. கடைத்தெருவில் வளர்ந்த யாருக்கும் தெரியும், பார்க்கலாம் என்று சொல்லிப்போகிற கிராக்கி திரும்பி வருவதில்லை. ஒரு திங்கள் போனது. இன்னொரு திங்கள் போனது. இரண்டு திங்களிலும் அம்மா நல்ல புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு ஞாயிறு.

பத்து மணிக்குக் கல்லூரி மேனேஜர் கந்தசாமி ஆள் உயர மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வாசல் பந்தலுக்கு வந்து, பழனிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பந்தலின் அந்த ஓரத்தில் வக்கீல் கமலாவும் உட்கார்ந்திருந்தார். அவரை மேனேஜர் பார்க்காததுபோல் பார்த்தார்.

"அந்தம்மா இன்னாத்துக்கு வந்துகினு இருக்கு?"

"துக்கத்துக்கு சார்."

"சாவு வூட்ல பேசக் கூடாது. இருந்தாலும் சொல்றேன் பழனி. உங்கம்மா புண்ணியவதி, எந்த வம்புலயும் மாட்டாம போயிட்டாங்க. அதோட அந்தப் பேச்சும் முடிஞ்சிது. நீ காரியத்த நல்லபடியா முடிச்சிட்டு வா. நிர்வாகம் உன்ன வுட்டுடாது."

பழனி தலையாட்டினான். அந்த மாதிரி தலையாட்டி அவனுக்குப் பழக்கம்.

பத்தரைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து கண் வங்கி வேன் வந்தது. இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டு, கையில் அட்டை வைத்த படிவம். பறையடிக்கிறவர்கள் தட்டுவதை நிறுத்தி ஒதுங்கினார்கள். பந்தலில் எல்லாப் பேச்சும் அடங்கியது.

"பையன் யாருங்க? நீங்களா? சில கேள்வி கேக்கணும். அம்மாவுக்கு வயசு?"

"அறுபத்தாறு."

"சக்கர, மஞ்சகாமால, வேற பெரிய வியாதி?"

"ஒண்ணும் இல்லீங்க."

"கண்ணுல ஆபரேஷன் எதுனா?"

"இல்லீங்க."

"பார்வையில கொற எதுனா இருந்துச்சா?"

பொன்னுரங்கம் முந்திக்கொண்டார். "இருந்துச்சும்மா. உள்ளத மறைக்கக் கூடாது. ரொம்ப வருஷமாவே கண்ணாடிதான்."

அந்தப் பெண் எழுதப் போனாள். "பரவால்லங்க, கண்ணாடி போட்டவங்களும் குடுக்கலாம். பவர் எவ்ளோ இருக்கும்?"

பழனி உள்ளே போனான். சாமி படத்துக்குக் கீழே இருந்த கண்ணாடியை எடுத்து வந்து அவளிடம் நீட்டினான். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தி, படிவத்தின் எழுத்துகளின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இதுல பவரே இல்லியே."

"இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்குப் போட்டிருந்தாங்க?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். பழனி அவர் பக்கம் திரும்பவில்லை. படிவத்தில் அந்தப் பெண் பேனாவை ஊன்றியிருந்த இடத்தையே பார்த்தான்.

"எங்கம்மாவுக்குக் கண்ணு நல்லா தெரியும். கொறன்னு சொல்லச் சொன்னது நான். கொற இல்லன்னு எழுதிக்குங்க."

அவள் எழுதினாள். அவளுக்கு அது பதினோரு கேள்விகளில் ஒன்று. "எல்லாரும் ஒரு இருவது நிமிஷம் வெளிய இருங்க," என்று சொல்லி உதவியாளரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொன்னுரங்கம் மட்டும் மருமகன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கச் சரக்கு பார்த்தவர். கூடப்பிறந்தவளை மட்டும் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டார். "எங்கிட்டகூட சொல்லலியேடா அவ," என்றார். குரலில் தரகுக்கான தெம்பு எதுவும் இல்லை.

மேனேஜர் எழுந்து வேட்டியை உதறினார். "பஸ்ஸு சாவிய குடு பழனி. நாளைக்கு வேற ஆள் எடுப்பான்."

பழனி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தான். "செகண்டு கியரு ஒரு மாதிரி இழுக்கும். மெதுவா போடச் சொல்லுங்க சார்."

பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பந்தலின் ஓரத்துக்குப் போனான். கமலா கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். உடனே மடியில் வைக்கவில்லை.

"இன்னிக்கு வேணான்னா புதன்கிழம வாங்கண்ணே. அடுத்த கமிட்டி அன்னிக்குத்தான்."

"வேணாம் மேடம். நான் கெழம சொன்னா நீங்க நம்பக் கூடாது."

கமலா பேனாவைத் திறந்தார். "அம்மா சொன்னாங்கன்னு நீங்க சொல்றது எவ்ளோ நிக்கும்னு எனக்குத் தெரியாது. அவங்களே வந்திருந்தா அது வேற. நீங்க நேரா பாத்தது, நீங்க செஞ்சது, அத மட்டும் சொல்லுங்க. அது நிக்கும்."

மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ எஃகுத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் பாத்தது எங்கம்மா கட்டவெரலு. மை ஒட்டிக்கினு இருந்துச்சி. கையி வரல. இழுத்துக்கினே இருந்தாங்க. மணிக்கட்டப் புடிச்சி, கண்ணு சரியா தெரியலன்னு எழுதியிருந்த அந்தக் காய்தத்துல வச்சி அமுக்குனது நான்."

கமலா எழுதினார். அவன் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. இரண்டு பக்கம் ஆனது. படித்துக் காட்டச் சொன்னான். படித்தார். "அழுதேன்னு நீங்க போட்டது வேணாம், அடிச்சிருங்க. அது அவங்கள ஏமாத்துறதுக்கு அழுதது," என்றான். அடித்துவிட்டுக் காட்டினார். கையெழுத்துப் போட்டான்.

கதவு திறந்தது. உதவியாளர் சின்ன ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கையுறையைக் கழற்றியபடி பழனியிடம் வந்தாள்.

"நல்ல கண்ணுங்க. ரெண்டு பேருக்கு வெப்பாங்க."

"யாருக்குன்னு சொல்வீங்களா?"

"சொல்லக் கூடாதுங்க."

அவன் தலையாட்டினான்.

தெரு குறுகல். ஒரு பக்கம் பந்தல் கால், ஒரு பக்கம் பறை காய்ச்சுகிற தீ. வேனைத் திருப்ப இடமில்லை. டிரைவர் சின்னப் பையன், கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துத் தடுமாறினான். பழனி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று கையை உயர்த்தினான்.

"வரட்டும். வரட்டும். லெஃப்ட்ல ஒடி. கம்மியா, கம்மியா. இப்ப நேரா வரட்டும்."

பின்பக்கமாகவே நடந்தான். பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஒரு கல்லையும் ஒரு குடத்தையும் காலால் ஒதுக்கினான். தெருமுனையில் கரும்பு டிராக்டர் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதைக் கைகாட்டி நிறுத்தினான். வேன் தார்ச்சாலையில் ஏறி, கள்ளக்குறிச்சிப் பக்கம் மூக்கைத் திருப்பியதும், அதன் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான்.

"ரைட். போலாம்."