மூன்றாவது பந்து

மயக்க மருத்துவர் ஆறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடத்திவந்த ஆராய்ச்சியை, அன்று மாலை நான்கு மணிக்கு இழுத்து மூட இருந்தார்கள். நெஞ்சில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு முதுகெலும்பின் ஓரம், நரம்புக்குப் பக்கத்தில் மருந்து செலுத்தினால் இரண்டு நாள் வலி அடங்கும் என்பது அவள் கட்சி. சம்மதித்த நோயாளிகள் அறுபது பேர். மயக்கத்தில் இருக்கும்போதே பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது, அவளுக்கே தெரியாது.

விழித்தபின் செவிலியர் கேட்பார்: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு? அறுபது பேரும் சொல்லிவைத்தாற்போல மூன்று என்றார்கள்.

"எல்லாருக்கும் ஒரே வலின்னா உங்க மருந்து எதுக்கும்மா?" என்று ஆராய்ச்சிகளை மேற்பார்க்கும் குழுவின் தலைவர் போனிலேயே கேட்டுவிட்டார். உறையைப் பிரிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

இரண்டு மணிக்கு அவள் வார்டுக்குப் போனாள். முந்தின நாள் நுரையீரலில் அறுவை முடிந்த சித்தப்பா அங்கேதான் இருந்தார். சொந்தக்காரர் என்பதால் அவரை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. வாயைத் திறந்தால் மூடாத மனிதர், தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்.

"என்ன சித்தப்பா, மௌன விரதமா?"

"சிரிக்க வைக்காதேம்மா, உயிரே போயிடும்."

செவிலியர் வந்து வலி எவ்வளவு என்றார். "மூணு," என்றார் சித்தப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

செவிலியர் நகர்ந்ததும் அவள் குனிந்தாள். "நிஜத்தைச் சொல்லுங்க."

"ஒன்பது. நாலுன்னு வாயைத் திறந்தா இடுப்புல ஊசி போட்டுடுவாங்களாமே! பக்கத்துக் கட்டில்காரர் நான் வந்த உடனே சொல்லிட்டார். அவருக்கு, அவருக்கு முன்னாடி இருந்தவர் சொன்னாராம்."

அவளுக்குப் பொட்டில் அறைந்தாற்போல இருந்தது. நாலும் அதற்கு மேலும் சொன்னால் இடுப்பில் வலி ஊசி என்று வார்டு முழுவதற்கும் விதி எழுதியவளே அவள்தான். ஆறு வருடமாக அவள் அளந்தது வலியை அல்ல, ஊசிப் பயத்தை! தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அந்த நேரம் பார்த்து மூச்சுப் பயிற்சியாளர் வந்தார், கையில் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி. குழாயில் மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக எழும்ப வேண்டும். சித்தப்பா இழுத்தார். முதல் பந்து லேசாக ஆடிவிட்டுப் படுத்துக்கொண்டது. வாய் பொய் சொன்னாலும் அறுபட்ட நெஞ்சுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பயிற்சியாளர் நோட்டில் பூஜ்யம் போட்டார்.

"எல்லாருக்கும் எழுதுவீங்களா?"

"ஒருத்தரையும் விட்டதில்ல டாக்டர். இதுவரைக்கும் யாரும் கேட்டதுதான் இல்ல."

நான்கு மணிக்கு அவள் அந்த நோட்டுகளைக் குழுவின் மேசையில் வைத்தாள். விதியில் தான் செய்த தப்பை மறைக்காமல் சொன்னாள். "நான் கணக்குப் போடல சார். உறையைப் பிரிங்க, நீங்களே எண்ணுங்க."

தலைவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பிரித்தார். எண்ண எண்ணச் சுளிப்பு போய்விட்டது. மருந்து பெற்ற முப்பது பேரில் இருபத்தாறு பேர் மறுநாளே மூன்றாவது பந்தை எழுப்பியிருந்தார்கள். உப்புநீர்க்காரர்களில் ஐந்தே பேர். அவர் இன்னொரு முறை எண்ணினார். அப்போதும் அதேதான்.

"பந்தை வெச்சே மறுபடி நடத்திக் காட்டணும்," என்றார், விட்டுக்கொடுக்காமல். பிறகு, "இன்னும் ரெண்டு வருஷம் எடுத்துக்கோங்கம்மா," என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் படியிறங்கவில்லை, பறந்தாள். அந்த ஊசிமுறைக்கு அனுமதி முன்பே இருந்தது. நம்பத்தான் ஆள் இல்லை. சக மருத்துவர் சித்தப்பாவுக்கு அதைப் போட்டார்.

"இதுவும் ஊசிதானே?" என்று முனகினார் சித்தப்பா.

அரை மணி நேரம் கழித்து அவர் குழாயை வாயில் வைத்து இழுத்தார். ஒன்று எழுந்தது, இரண்டு எழுந்தது, மூன்றாவதும் உச்சியில் போய் நின்றது. சித்தப்பா வாய்விட்டுச் சிரித்தார், தலையணையைத் தூக்கிப் போட்டுவிட்டு. அவளுக்குக் கண் நிறைந்து போயிற்று.

பக்கத்துக் கட்டில்காரர் இதையெல்லாம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். செவிலியர் அவரிடம் வந்தபோது, அவர் தயங்கித் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு எட்டும்மா. வந்ததுலேருந்தே எட்டுதான்."