மெலிஹா சொன்ன ஒரு வார்த்தை

சிரிய எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பாய்ந்த ராக்கெட் காலையில் துருக்கியின் கிலிஸ் ஊரின் செருப்புக் கடைத் தெருவில் விழுந்தது. மதியத்துக்குள் ஊரே கொதித்துவிட்டது. சிரியாக்காரர்களைத் தேடிக்கொண்டு ஒரு கும்பல் சந்து சந்தாக நுழைந்தது.

ருதைனா ஜன்னல் திரையை விரலளவு விலக்கினாள். வாசலில் வீட்டுக்காரி மெலிஹா. கையில் ரொட்டி தேய்க்கும் நீளக் கட்டை. எதிரே கல்லும் கம்புமாய் இளவட்டங்கள்.

மெலிஹா மூச்சு விடாமல் கத்தினாள். எல்லாம் துருக்கி மொழி. அலெப்போவிலிருந்து போன மாதம் தப்பி வந்த ருதைனாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் பிடிபட்டது.

"மிஸாஃபிர்! மிஸாஃபிர்!"

அவளுடைய அரபியிலும் அந்த வார்த்தை உண்டு. முஸாஃபிர். பயணம் போகிறவர்!

'இவர்கள் கிளம்பிவிடுவார்கள்' என்று வாக்குக் கொடுத்துவிட்டாளா?

கோபம் வரவில்லை. வந்து சேர்ந்த அன்று, விறைத்துப்போன குழந்தை ஷஹதைத் தன் மார்போடு அணைத்துச் சூடேற்றியவள் மெலிஹா. தங்களால் அவள் மேல் ஒரு கல் விழலாமா?

ஆனால் எங்கே போவது? இஸ்தான்புல் தையல் பட்டறையில் இருக்கும் கணவனுக்குத் தெரிந்த ஒரே விலாசம் இதுதான். தெருவில் அகப்பட்டால் போலீஸ் எல்லைக்கு அந்தப் பக்கமே அனுப்பிவிடுகிறது என்று பேச்சு வேறு.

போர்வையில் நாலு துணியைச் சுருட்டினாள். ஷஹதை இடுப்பில் வைத்தாள். பின்கதவைத் திறந்தாள்.

பின் சந்தில் ஃபலாஃபல் வடைக் கடை அபு ஹாதிம் அவசரமாய் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார். அவரும் அலெப்போதான், வந்து பல வருஷம்.

"ஏம்மா ஷஹத் அம்மா! ஊரே பத்தி எரியுது, மூட்டையைத் தூக்கிட்டு எங்க ஊர்கோலம்?"

"மெலிஹா அக்காவே சொல்லிட்டாங்கண்ணே. நாங்க முஸாஃபிராம்."

அபு ஹாதிம் ஒரு கணம் விழித்தார். அடுத்த கணம், அந்தக் கலவரத்திலும், ஷட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அட கூறுகெட்டவளே! இந்தத் துருக்கிக்காரங்க வாயில அது பயணி இல்ல. விருந்தாளி! என் விருந்தாளி மேல எவன் கை வைப்பான்னு கேட்டுட்டு நிக்குது அந்தப் பொம்பள. நீ பின்கதவு வழியா ஓடுற!"

ருதைனா மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். அபு ஹாதிம் பின்னாலேயே வந்தார்.

வாசலில் மெலிஹா கட்டையை ஒருவன் மூக்குக்கு நேரே நீட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். அபு ஹாதிம் அதை அரபியில் கிசுகிசுத்தார்: "டேய் ஒர்ஹான், உன் சுன்னத்துக்கு அழுதப்ப வாயில மிட்டாய் வச்சு அடக்கினது யாருடா? இப்ப கல்லு தூக்குற அளவுக்கு ஆம்பளையாயிட்டியான்னு கேக்குது."

கும்பலில் எவனோ களுக்கென்று சிரித்தான். ஒர்ஹானின் காது சிவந்தது. கல் கீழே விழுந்தது. ஒவ்வொருவராய் நழுவினார்கள்.

முனையில் நாலு பேர் மட்டும் இன்னும் நின்றார்கள். ருதைனா போய் மெலிஹாவின் பக்கத்தில் நின்றாள். "அக்கா..."

மெலிஹா திரும்பிப் பார்த்தாள். அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, ஏதோ அதட்டினாள்.

"என்னண்ணே சொல்றாங்க?"

"விருந்தாளிக்கு வாசல்ல என்ன வேலை, உள்ள போய்ப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுன்னு சொல்லுது."

ருதைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். ஒன்று மெலிஹாவுக்கு.