கன்னம் பதியும் பக்கம்

க்ரோபாத்தின் கடைக்குள் நுழைந்ததும் ஓஸ்வால்ட் ட்ராட்னிக் தொப்பியைக் கழற்றினார். துப்பாக்கி செய்யும் ஊரான ஃபெர்லாக்கில் பழைய துப்பாக்கிகளை வாங்கி விற்பவர் க்ரோபாத். அவரே தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார்: "மூணு மரம் பொறிச்ச ஒண்ணு வந்திருக்குய்யா."

மூன்று மரம் ட்ராட்னிக் குடும்பத்தின் சின்னம். ஓஸ்வால்ட் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், பனிச்சரிவு மாட்டுக்கொட்டிலை அள்ளிக்கொண்டு போன குளிர்காலத்தில், அவர் தந்தை அந்தச் சின்னம் பொறித்த துப்பாக்கியை விற்றார். வாலிப வயதிலிருந்தே ஓஸ்வால்ட் அதைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக் கூடத்தில் அந்தத் துப்பாக்கியால் சுட்ட ஒரு பெரிய கலைமானின் கொம்பு தொங்குகிறது. கீழே அப்பாவின் பெயரோடு பித்தளைத் தகடு: 'ப்ளாஸியுஸ் ட்ராட்னிக். ஒரே குண்டு.' வரும் ஞாயிறு வேட்டைக்காரர் திருநாள். பள்ளத்தாக்கே அந்தக் கூடத்துக்கு வரும். அப்பாவின் துப்பாக்கியைக் கொம்புக்குக் கீழே மாட்டுவேன் என்று அவர் ஊரறியச் சொல்லிவிட்டார்.

க்ரோபாத் துணியை விலக்கினார்.

வால்நட் மரத்தின் வரிகள் ஆற்று நீரைப்போல் ஓடின. எஃகில் மூன்று மரங்கள். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு ஊசியிலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அடியில் ஒடித்துத் திறக்கும் ஒற்றைக் குழல். மலையேறுகிறவனுக்கென்றே இழைத்த எடை.

"கோயிலுக்குள்ள நிக்கிற மாதிரி நிக்கிறியே அண்ணா, எடுத்துப் பாரு" என்றாள் நோட்புர்கா. கூட வந்திருந்த தங்கை, எழுபது வயது, அவர் மார்பளவு உயரம், வாய் மட்டும் மலையளவு.

அவர் எடுத்துத் தோளில் வைத்தார். தோளில் பதியும் மரக்கட்டை குட்டையாக இருந்தது. பெருவிரல் மூக்கில் இடித்தது. குறியைப் பார்க்கக் கழுத்தைக் கோணவேண்டியிருந்தது. கன்னம் பதிக்க மரத்தில் விட்டிருந்த மேடு, அவர் கன்னம் படாத வலப்பக்கத்தில் இருந்தது.

"வெட்டிக் கெடுத்திருக்கான் எவனோ" என்றார் கடுமையாக.

"யாரும் தொடலைங்கய்யா. முதல்ல செதுக்கினபடியே இருக்கு. ஆளை நிக்கவெச்சு, கையளந்து, கழுத்தளந்து செஞ்சது. குட்டையான ஆளு, இடக்கைக்காரர்."

அப்பாவின் மேலங்கிகளை ஓஸ்வால்ட் தைத்துச் சரிசெய்யாமல் அப்படியே போட்டுக்கொள்வார். அதே தோள், அதே நீளக் கை, அதே வலக்கை.

"இங்க கொடு" என்று நோட்புர்கா இடது தோளில் தூக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினாள். கன்னம் தானாகப் போய் அமர்ந்தது. கண்ணைத் திறந்தபோது குறி நேர் எதிரே நின்றது. அவள் துப்பாக்கியை மெல்ல இறக்கினாள்.

"அண்ணா, நான் அம்மா அச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்களே."

அம்மா அப்போலோனியா சோளக்களி கிண்டியது இடக்கையால். திருநாள்தோறும் அந்தக் கொம்பை வேறு எவரையும் தொடவிடாமல் தானே கழுவுவாள். அப்பா மான் கதையைச் சொல்லும்போது பாதியில் அவள் பக்கம் திரும்பி, "எத்தனை குண்டு, சொல்லேன்?" என்பார். "ஒண்ணுதான்" என்பாள் அவள், தலை நிமிராமல். கணவனுக்குப் பின்பாட்டு என்றே எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரித்திருக்கிறார். கண்ணால் கண்டவள் போல அவள் எப்படி அத்தனை உறுதியாகச் சொன்னாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

க்ரோபாத் தொண்டையைச் செருமினார். "ஊருக்குத் தெரியணுமாய்யா? அந்த மேட்டுப் பக்கத்தைச் சுவரோட ஒட்டி மாட்டிருங்க. வேணும்னா புதுக் கட்டையே போட்டுத் தர்றேன்."

ஓஸ்வால்டின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"அதுமேல உளி வெச்சா உன் கடைப்படி இனி மிதிக்கமாட்டேன். விலையைச் சொல்லு."

சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தார். உரிமத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வண்டியில் நோட்புர்கா கேட்டாள்: "அப்பா பொய் சொன்னார்னு ஆகுமே?"

"அளவு கொடுத்து அம்மாவுக்குச் செய்யச் சொன்னது யாரு? அவர்தானே. அந்தக் காலத்துல அம்மா பேரைச் சொன்னா ஊர் சிரிச்சிருக்கும்." பிறகு, "சிரிச்சா சிரிக்கட்டும்னு விட்டிருக்கணும்" என்றார்.

ஞாயிறு காலை பித்தளைத் தகட்டின் திருகுகளைக் கழற்றினார். துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தி, மேடு கூடத்தைப் பார்த்திருக்கும்படி மாட்டினார். மான் விழுந்ததும் சுட்டவருக்கு ஒரு ஊசியிலைக் கொத்தை ஒடித்துக் கொடுப்பது அந்த மலையின் வழக்கம். தோட்டத்தில் ஒடித்து வந்த கொத்தை அவர் துப்பாக்கிக்குக் கீழே செருகினார்.

முதலில் வந்தவர் கிழட்டு வேட்டைத் தலைவர். வாழ்த்தச் சிரித்துக்கொண்டே வந்தவர் மேட்டைப் பார்த்தார், நோட்புர்காவைப் பார்த்தார், மறுபடி மேட்டைப் பார்த்தார்.

"அட ஆண்டவனே, அப்போலோனியா!" என்று தொப்பியை எடுத்தார்.

அவர் பக்கத்தில் ஓஸ்வால்டும் வெறுந்தலையோடு நின்றார்.