கலப்படமில்லாத கடல்

துணிக்கு அளவு வைத்திருந்த ஜவுளிக் கண்ட்ரோலை சர்க்கார் எடுத்த பிறகு சங்கரன்கோவில் ரத வீதியில் துணி கிடைப்பது கஷ்டமாக இல்லை. துணி வாங்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. எல்லாக் கடையிலும் ஒரே மில் துணி, ஏறத்தாழ ஒரே விலை. எந்தப் படியில் ஏறுவது என்பதை வேறு ஏதாவதுதான் முடிவு செய்தாக வேண்டும். அதற்காக ஆறுமுகச்சாமி தன் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று மாட்டினார். எதிர்க்கடை சலாவுதீன் கடலையே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

கடல் என்றால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் தூத்துக்குடியிலிருந்து தகர டின்னில் லாரி ஏறி வந்தது. உள்ளே மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள். லாரி டியூபில் காற்றடைத்து, மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். நாள் முழுக்கக் குமிழி வந்துகொண்டிருக்கும். கொழும்பில் அவர் மச்சான் கடையில் பார்த்த ஏற்பாடாம். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுச் சனம் கடலைப் பார்த்ததில்லை. கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்கள் மீனைப் பார்க்கப் படியேறி, பார்த்த மரியாதைக்குச் சேலையையும் அங்கேயே எடுத்துவிட்டு இறங்கினார்கள்.

வியாபாரம் போனதைக்கூட ஆறுமுகச்சாமி பொறுத்திருப்பார். அவர் சம்சாரம் கோமதித்தாயும் போய் நின்று பார்த்தாள். அவள் நின்ற நேரத்தில் வீட்டில் சோறு அடிப்பிடித்தது. அந்தக் காந்தல் சோற்றைத் தின்று கைகழுவிய ஈரம் காயுமுன் ஆறுமுகச்சாமி தொட்டி வாங்க ஆள் அனுப்பிவிட்டார். அளவு என்ன என்று கேட்டதற்கு, எதிர்க்கடைத் தொட்டியைவிடப் பெரிது என்று மட்டும் சொன்னாராம்.

பெரிதாகத்தான் வந்தது. மீனும் கூடுதல், குமிழியும் கூடுதல். கூட்டம் பாதிக்குப் பாதி பிரிந்தது. ஆனால் நிம்மதியாக ஒரு வாய் வெற்றிலை போடுமுன் தொட்டி விளிம்பில் வெள்ளையாக என்னவோ பூத்தது. குமிழி தெறித்த இடமெல்லாம் உப்பு. கண்ணாடியில் படர்ந்து, இரும்புச் சட்டத்தைத் துருவேற்றி, ரப்பர் குழாயில் ஏறி, கீழே பலகையில் இருந்த மல் துணிக் கட்டையும் தொட்டுவிட்டது. வெயிலில் தண்ணீரும் இறங்கிக்கொண்டே வந்தது.

சலாவுதீன் கடையில் மட்டும் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எப்படி என்று ஆறுமுகச்சாமி கல்லாவிலிருந்தபடியே கவனித்தார். காலையில் கடை திறந்ததும் சலாவுதீன் ஈரத்துணியால் தொட்டியைத் துடைத்தார். பிறகு ஒரு குடத்தைச் சாய்த்து, வற்றின அளவுக்குத் தண்ணீர் ஊற்றினார். நல்ல தண்ணிக் கிணற்றுத் தண்ணீர்.

ஆறுமுகச்சாமிக்கு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது. எதிரி கையும் களவுமாக அகப்பட்டுவிட்டான் அல்லவா. நேரே மூக்காண்டியின் வெற்றிலைக் கடைக்குப் போனார். ஊர்ச் செய்தி எதுவானாலும் அங்கே ஏற்றிவிட்டால் போதும், வீதி முழுக்கத் தானே இறக்குமதி ஆகிவிடும்.

"கடல்ல போயி எவனாவது கிணத்துத் தண்ணிய ஊத்துவானா வே? பால்ல கலக்குதவன்கூட ஒளிச்சுல்லா கலக்குதான். இவரு வாசல்ல வச்சுக் கலக்குதாரு."

சேதி சாயங்காலத்துக்குள் வீதியைச் சுற்றி வந்தது. சலாவுதீன் அதைக் கேட்டு, அண்ணாச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிரித்துவிட்டு, மறுநாளும் குடத்தைச் சாய்த்தார். அந்தச் சிரிப்பு ஆறுமுகச்சாமிக்கு மிளகாய் அரைத்துப் பூசினது போல இருந்தது.

அதன்பிறகு அவர் தொட்டி உப்பைத் துடைக்க ஒருவரையும் விடவில்லை. கலப்படமில்லாத கடல் என்றால் உப்புப் பூக்கும், எதிர்க்கடையில் பூக்கிறதா பாருங்கள் என்று வந்தவர்களிடம் காட்டினார். சந்தேகப்பட்டவர்கள் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். உதிர்ந்த உப்பையும் பொறுக்கித் தொட்டிக்குள்ளேயே போட்டார். சரக்கை வெளியே எறிந்து பழகிய கையா அது. தண்ணீர் வற்ற வற்ற, தூத்துக்குடித் தண்ணீரையே வரவழைத்து ஊற்றினார்.

ஆடித்தபசு நெருங்கியது. சுற்றுவட்டாரமே ஊருக்குள் வந்து இறங்கும் திருவிழா. அந்தக் கூட்டம் எந்தக் கடையில் ஏறுகிறதோ அந்தக் கடைக்குத்தான் அந்த வருஷம். அந்த நேரம் பார்த்து ஆறுமுகச்சாமியின் மீன்கள் மூலையில் ஒதுங்கின. நிறம் வெளிறி, இரையைத் திரும்பிப் பார்க்காமல் கிடந்தன. ஒன்று மல்லாந்து மிதந்தது. கேட்டவர்களிடம் அது தூங்குகிறது என்றார்.

கோமதித்தாய் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"குழம்பு சுண்டிப் போச்சுன்னா நான் தண்ணிய ஊத்துதேனா, இன்னும் ரெண்டு கரண்டி குழம்ப ஊத்துதேனா? வத்துதது தண்ணி மட்டுந்தான். உப்பு எங்கயும் போகல. இருக்க உப்பு மேலயே உப்ப ஊத்திக்கிட்டிருக்கீக."

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததுதான் தொல்லை.

"இப்ப நான் கிணத்துத் தண்ணிய ஊத்தினா அந்த ஆளு சிரிப்பாம்லா?"

"மீனு செத்துப்போனா மட்டும் அழுவாகளாக்கும்?"

கேட்டுவிட்டு அவள் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் தோளில் ஈரத்துணியும் இடுப்பில் குடமுமாக சலாவுதீன் படியேறி வந்தார். உப்பு உள்ளே உதிராமல் வெளிப்பக்கமாகவே துடைத்தெடுத்தார். தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரை மொண்டு வெளியே கொட்டினார். பிறகு செம்பில் எடுத்து நூல் பிடித்த மாதிரி ஊற்றத் தொடங்கினார்.

"ஒரேயடியா ஊத்தினா தாங்காது அண்ணாச்சி. இன்னைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம்."

வீதியே கடை வாசலில் வந்து நின்றுவிட்டது. மூக்காண்டி வெற்றிலைக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தான்.

"என்ன அண்ணாச்சி, ஒம்ம கடலுக்கும் கலப்படம் வந்துட்டோ?"

கூட்டம் சிரித்தது. ஆறுமுகச்சாமி உத்தரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் தாங்கிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூலையிலிருந்து ஒரு மீன் அசைந்தது. தண்ணீர் விழுந்த இடத்துக்கு மெல்ல வந்தது. பின்னாலேயே இன்னொன்று. சலாவுதீன் செம்பை இந்தப் பக்கம் நகர்த்தினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்தினால் அந்தப் பக்கம். கோமதித்தாய் குழந்தை மாதிரிச் சிரித்தாள்.

"பாத்தீகளா, அண்ணன் கை போற பக்கமெல்லாம் போகுது."

ஆறுமுகச்சாமி ஒரே எட்டில் வந்து செம்பைப் பிடுங்கினார்.

"போதும் வே. எம் மீனுக்கு ஊத்த எனக்குத் தெரியாதா?"

வீதியே பார்க்க, கிணற்றுத் தண்ணீரை மொண்டு தன் கடலில் ஊற்றினார். கையை இடது பக்கம் கொண்டுபோனார், வலது பக்கம் கொண்டுபோனார். மீன்கள் அவர் கைக்கு வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே சலாவுதீன் நின்ற ஓரத்திலேயே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"நீரு உம்ம கடைக்குப் போம் வே" என்றார் ஆறுமுகச்சாமி. "இங்கன நின்னா அதுக உம்மையேல்லா பாக்குதுக."

சலாவுதீன் சிரித்துக்கொண்டு குடத்தைத் தூக்கப் போனார்.

"கொடம் இருக்கட்டும். நீரு மட்டும் போம்."