சூடேறினால் நிற்கும் மோட்டார்

தேனியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த செல்வமணிக்குச் சில கிணற்று மோட்டார்களின் குணம் நன்றாகத் தெரியும். தோட்டத்தில் சற்று நேரம் ஓடிவிட்டு நின்றுபோகும். கழற்றிக் கடைக்குக் கொண்டுவருவதற்குள் ஆறிவிடுவதால், அங்கே அழகாக ஓடும். அதற்காகத் தோட்டக்காரர் பொய் சொல்கிறார் என்று அவன் நினைத்ததில்லை. சூடேறும்வரை ஓடவிட்டுப் பார்ப்பான்.

மனைவி சுகிர்தத்திடம் அந்தப் பொறுமை அவனுக்கு இல்லை.

முதலில் அவளுக்கு வலக்கண் மங்கியது. சில வாரங்களில் தானே தெளிந்தது. அடுத்த வருஷம் இடது கால் மரத்து, செருப்பு கழன்று போனதுகூடத் தெரியவில்லை. அதுவும் சரியானது. பிறகு அடக்க முடியாமல் ஒன்றுக்கு முட்டியது. காரணமில்லாத அசதி வந்தது. தலை குனிந்தால் முதுகில் கரண்ட் அடிப்பதுபோல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியர். யாரும் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஞாயிறு ஆராதனைக்காக அந்த வீட்டில் சனிக்கிழமையே எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்துவிடுவார்கள். அசதிக்கு நல்லதென்று மாமியார் ஞானபாக்கியம் மருமகளுக்குக் கூடுதல் சூட்டில் ஊற்றினாள். குளித்ததும் சுகிர்தத்துக்குக் கண் மங்கும், கால் தள்ளாடும். படுத்து எழுந்தால் தெளிந்துவிடும்.

“சனிக்கிழம சமைக்கணும்னா இவளுக்குக் கண்ணு தெரியாது. ஞாயித்துக்கிழம பாட்டுப் புஸ்தகத்துல மட்டும் அம்புட்டு எழுத்தும் தெரியும்” என்றாள் ஞானபாக்கியம்.

வடுகபட்டியில் பிறந்த வீட்டிலேயே அவளை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தது. அதற்குமுன் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடுவோம் என்று செல்வமணி அவளை மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனான்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். விளக்கடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். இத்தனையும் ஒரே நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளைச் சுற்றி ஓர் உறை உண்டு. அது எங்கே பழுதாகிறதோ அதற்கேற்பக் கண்ணோ காலோ கெடும். உடம்பு சூடானால் பழுதான இடத்தில் செய்தி தடைப்படும். ஆறினால் மறுபடி போகும். அடியோடு தீர்க்க மருந்தில்லை, மறுபடியும் வரலாம். ஆனால் இது நடிப்பும் இல்லை, மனக்கோளாறும் இல்லை. வெந்நீர் மட்டும் ஆகாது.

“காயில் கம்பி மேல பூசுன வார்னிஷ் உரிஞ்சு போன மாதிரிங்களா?” என்று கேட்டான் செல்வமணி. அவர் ஆமென்று தலையசைத்தார்.

வெளியே வந்ததும் சுகிர்தம் அழுதாள், பிறகு சிரித்தாள். “மோட்டாருன்னா நம்புவீக. பொண்டாட்டின்னா டாக்டர் சொல்லணும்.”



அந்தச் சனிக்கிழமை, ஞானபாக்கியம் மூட்டிய அடுப்பிலிருந்து விறகை அவனே வெளியே இழுத்தான். “யம்மா, இனிமே அவளுக்குப் பச்சத்தண்ணிதான்.”

சுகிர்தம் குளித்துவிட்டு, சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தாள். ஞானபாக்கியம் அவள் முகத்தையே பார்த்தாள்.

“ஏத்தா, கண்ணு தெரியுதா?”

“ஒங்க சேலையில சாம்ப ஒட்டியிருக்கு, அத்தை.”