குருவி இல்லாத இதழ்

எங்கள் வட்டாரப் பத்திரிகையை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. மாதம் பிறந்தால் தானாக வாசலில் வந்து விழும். ஓசியில் வருவதற்கு என்ன மரியாதை உண்டோ அதுதான் அதற்கும். அலமாரித் தட்டில் விரிப்பார்கள், ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பார்கள், ஷூவுக்குள் சுருட்டித் திணிப்பார்கள். படிப்பது மட்டும் கிடையாது. அதில் விளம்பரங்களைப் பக்கங்களில் பொருத்துகிற வேலை என்னுடையது. என் ஒரு மாத உழைப்பு பக்கத்து வீட்டு ஜன்னலில் நனைந்து கசங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

முதலாளி, ஆசிரியர், விளம்பரம் பிடிப்பவர் எல்லாம் எங்கள் ஆபீசில் ஒரே ஆள்தான். அவருக்கு 'முழுப்பக்கம்' என்று பெயர். யாரைப் பார்த்தாலும், "ஒரு முழுப்பக்கம் போட்டுடலாமா சார்?" என்பார். இதுவரை யாரும் கால் பக்கத்தைத் தாண்டியதில்லை. பல் டாக்டர் ஒருநாள், "உங்க பத்திரிகையை யாருய்யா படிக்கிறாங்க?" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் கேட்டுவிட்டார். அன்று முழுப்பக்கத்தின் மூளையில் உதித்ததுதான் குருவி.

ஒவ்வொரு இதழிலும் ஏதாவது ஒரு விளம்பரத்துக்குள் நகக்கண் அளவில் ஒரு குருவியை ஒளித்து வைக்க வேண்டும். கண்டுபிடித்தவர்கள் ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்குக் குடை பரிசு. அவ்வளவுதான், ஊரே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளம்பரம் படிக்க ஆரம்பித்தது. குழாய் ரிப்பேர்க்காரர், "என் குழாய்மேல உட்கார வையுங்கம்மா, போன மாசம் தையல்காரிக்கு மட்டும் வச்சீங்களே" என்று சண்டைக்கு வந்தார். முழுப்பக்கம் ஒரே குருவியை மூன்று பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்து என் தலையை உருட்டுவார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காரணம் குடையும் இல்லை, பல் டாக்டரும் இல்லை. என் அக்கா.

அக்கா இதே வட்டாரத்தில், நாலாவது தெருவில் இருக்கிறாள். அம்மா போனபிறகு எனக்குத் தலை பின்னிவிட்டு, சாப்பாடு கட்டிக் கொடுத்து, கல்யாணம் வரைக்கும் பார்த்தவள் அவள்தான். அந்தக் கல்யாணம் நரகமாகி, இனி முடியாது என்று நான் ஒரு பெட்டியோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்றபோது, "பொறுத்துப் போகத் தெரியாதவளுக்கு என் வீட்டுல இடமில்ல. இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்றாள். மிதிக்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. சொன்னவள்தான் கூப்பிட வேண்டும் என்று மூன்று வருடமாக வீம்பாக இருந்தேன். வீம்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் அவளை நினைக்காமல் எனக்கு ஒருநாளும் விடிந்ததில்லை.

என் செல்போன் நம்பரை மாற்றாமலே வைத்திருந்தேன். அவளுக்கு அது மனப்பாடம். லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான் அதில் கூப்பிட்டார்கள்.

அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. கம்மலின் திருகு கழன்று விழுந்தால் வீட்டில் எல்லோரும் தேடிக் களைத்தபிறகு அக்காவைக் கூப்பிடுவோம். வந்து குனிவாள், எடுப்பாள், போவாள். அதனால் குருவியை ஒளிக்கும்போது அவளைத்தான் மனதில் வைத்துக்கொள்வேன். மற்றவர்களுக்குக் கஷ்டமாகவும் அவளுக்குச் சுலபமாகவும் இருக்கும் இடமாகப் பார்த்து வைப்பேன். கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் என் பெயர் வரும். அதை அவள் பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் அவளிடமிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை. ஒருமுறை அந்தத் தெரு வழியாகப் போனபோது, அவள் வீட்டு மதில்மேல் பத்திரிகை மழையில் ஊறிக் கிடந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதத்துக்கு முந்தின மாதம் எனக்கு நல்ல காய்ச்சல். கம்ப்யூட்டர் திரையில் எழுத்தெல்லாம் நீந்தின. எப்படியோ பக்கங்களை முடித்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டுப் போய் விழுந்தேன். நாலு நாள் கழித்து ஆபீசுக்கு வந்து இதழைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. குருவியை வைக்கவே இல்லை.

முழுப்பக்கத்திடம் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "யாருகிட்டயும் மூச்சு விடாத. யாரும் போன் பண்ணலைன்னா தப்பிச்சோம்."

போன் வந்தது. வந்துகொண்டே இருந்தது. குருவி பல் டாக்டர் விளம்பரத்தில், கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிறது என்றார் ஒருவர். அழகு நிலையக்காரியின் கொண்டையில் என்றாள் ஒருத்தி. பழைய சோபா விளம்பரத்தில் காலுக்கடியில் இருக்கிறது, என் வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டிவிட்டேன் என்று இன்னொருத்தி சத்தியம் செய்தாள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இரண்டு குருவி இருப்பதாகவும், எனவே இரண்டு குடை வேண்டும் என்றும் சொன்னார். இல்லாத குருவியை இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே என்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மத்தியானம் மறுபடி மணி அடித்தது. எடுத்தேன்.  

"இந்த மாசம் குருவியே இல்ல."

அக்காவின் குரலைக் கண்டுகொள்ள ஒரு வார்த்தை போதாதா எனக்கு? நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். என்ன பேசுவது? வாசகரிடம் பேசுவதைப் போலவே பேசினேன்.

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பக்கம் பக்கமாப் பார்த்துட்டேன். எல்லா மாசமும் இருக்கும். இந்த மாசம்தான் இல்ல."

எல்லா மாசமும் என்றாளே!

"உங்க பேரு, அட்ரஸ் சொல்லுங்க. பரிசுக்கு எழுதிக்கணும்."

"வாசகின்னு போட்டுக்கோ." பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "உங்க ஆபீசுல... யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"காய்ச்சல். இப்ப பரவாயில்லை."

"ஈரத் தலையோட படுத்திருப்ப."

போனை வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அந்த வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சீட்டுக் குலுக்கிப் போட்டு யாராவது ஒரு பொய்க் குருவிக்காரருக்குக் குடையைக் கொடுத்துவிடலாம் என்றார் முழுப்பக்கம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னது ஒரே ஆள் என்று பிடிவாதமாக நின்றேன். யோசித்துப் பார்த்தார். ஊர் இதைப் பற்றிப் பேசும், பேசினால் விளம்பரம் கூடும் என்று கணக்குப் போட்டு இறங்கிவந்தார். அடுத்த இதழில் கட்டம் கட்டி வெளியிட்டோம்: 'சென்ற இதழில் குருவி இல்லை. அதைக் கண்டுபிடித்த ஒரே வாசகிக்குப் பாராட்டுகள்.'

அதே இதழில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்பும் நேரத்தில், துணிக்கடைக்காரரின் புடவை மடிப்பில் ஜோராக உட்கார்ந்திருந்த குருவியை அழித்தேன். இந்த முறை காய்ச்சல் இல்லை, மறதி இல்லை. குருவி இல்லாவிட்டால் அவள் பேசுவாள். எனக்கு அவள் குரல் வேண்டும். அதற்காக வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது.

இதழ் வீடுகளுக்குப் போன அன்று காலையிலேயே வந்து போன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மணி அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"இந்த மாசம் குருவி இல்ல! கரெக்டா?" என்றது ஒரு கட்டைக்குரல்.

வைத்தேன். உடனே அடித்தது. "மேடம், குருவி இல்ல. எங்களை ஏமாத்த முடியாது." அடுத்தது வாத்தியார். "குருவி இல்லை என்று எழுத்து மூலமாகவும் தரத் தயார்." இல்லாத குருவியை முந்தின இதழில் பார்த்த அத்தனை பேரும், கட்டம் கட்டிய செய்தியைப் படித்து உஷாராகி, பாதிப் பேர் புரட்டிக்கூடப் பார்க்காமல் கூப்பிட்டார்கள். ஒரே லைன். ரிசீவரை வைக்கவும் அடிக்கவும் சரியாக இருந்தது. முழுப்பக்கம் சந்தோஷத்தில் தையல்காரிக்கு ஒரு முழுப்பக்கம் விற்கக் கிளம்பிப் போனார்.

 அக்கா முயன்று பார்ப்பாள். எங்கேஜ்டு. இன்னொரு தடவை பார்ப்பாள். எங்கேஜ்டு. மூன்றாவது தடவை பார்க்கிற ஆள் இல்லை அவள். அவள் குரலுக்காக நான் செய்த வேலையே அவள் குரலை மறித்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு குரலையும், "சரிங்க, வையுங்க" என்று விரட்டினேன். சாயங்காலம் ஆகியும் ஓயவில்லை. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

நெற்றியில் ஒரு கை வந்து பட்டது.

நிமிர்ந்தேன். அக்கா. செருப்பில்கூட ஜோடி மாறியிருந்தது. வேகமாக நடந்து வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"சூடு இல்லையே," என்றாள். "காலையில இருந்து போன் போடறேன், கிடைக்கவே இல்ல. மறுபடியும் காய்ச்சல்ல விழுந்துட்டியோன்னு..."

"என் செல்லுக்குப் போட்டிருக்கலாமே அக்கா."

"அதுல போட்டா நான் என்ன சொல்லிப் பேசறது?"

அவள் என் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்பு நல்லாத்தானே இருக்கு? அப்புறம் ஏன் குருவி வைக்கல?"

"வச்சா நீ பேச மாட்டியே."

அக்காவின் முகம் கோணியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் போன் அடித்தது. நான் கையை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"ஆமாங்க, இல்ல. சரியாத்தான் சொன்னீங்க," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இன்னிக்கு இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க. வீட்டுக்குக் கிளம்பிட்டோம்."